ஊசி ஒடிந்த கதை

துப்பாக்கி பற்றி நான் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. பம்பு செட்டு, லேத்து பட்டறை, பழைய கோயமுத்தூர் மில் சங்கு என்று எழுதிக் கொண்டிருந்தவனுக்கு இது என்ன புது வேலை என்று வழக்கமாக வருகிற அன்பர்கள் கேட்கலாம். இதுவும் ஒரு பட்டறைக் கதைதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2018 நவம்பரில் நானும் வீட்டம்மாவும் மகள் வீட்டில் இருந்தோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், பிட்ஸ்பர்க்குக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். மகளும் மாப்பிள்ளையும் காலை ஏழரைக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார்கள். பேரன் பள்ளிக்கூடம். பகலெல்லாம் எனக்கு வேலை இல்லை. முப்பத்தெட்டு வருஷம் டூல் ரூமில் நின்ற கால்கள், நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்காரும்? தெருவில் நடப்பேன். அந்தத் தெருவில் நடக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர். என் வயதுக்கு இரண்டு மூன்று கூட இருக்கும். உருக்கு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி விட்டார். கார் ஷெட்டின் கதவைத் திறந்து வைத்துக் கொண்டு எந்நேரமும் எதையாவது தட்டிக் கொண்டிருப்பார். முதல் நாள் கையசைத்தார். இரண்டாம் நாள் உள்ளே கூப்பிட்டார். பெஞ்ச் வைஸ், துளை போடுகிற மெஷின், சுவரில் வரிசையாகத் தொங்குகிற அரங்கள். எனக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. மூலையில் கண்ணாடி வைத்த அலமாரியில் நாலைந்து ரைபிள்களும் இருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் வீட்டம்மா, "அந்த வூட்டுப் பக்கம் போகாதீங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். நான் போனேன்.

அங்கே மான் வேட்டை ஒரு பண்டிகை மாதிரி. நன்றி தெரிவிக்கும் நாள் என்று நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை வரும். 2018 வரை அதற்கு அடுத்த திங்கள்கிழமைதான் ரைபிள் வேட்டை தொடங்கியது. அந்தத் திங்களுக்குப் பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. நம் பெரியவரும் அதற்குத்தான் தயாராகிக் கொண்டிருந்தார். கடையில் தோட்டா வாங்குவதில்லை. சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து வைத்து, அதற்குத் திரும்ப கேப்பு போட்டு, மருந்து நிறுத்து, குண்டு வைத்து, சொந்தமாகவே செய்து கொள்வார். அந்த நாட்டில் இது பலருக்கும் பொழுதுபோக்கு. கூடு பித்தளை என்பதால் பலமுறை உழைக்கும். வீணாகப் போவது கேப்பும் மருந்தும் குண்டும்தான்.

வியாழனுக்கு முந்தின மாலை நான் போனபோது மனிதர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் கைப்பிடி போட்ட ஒரு சின்ன பிரஸ். நம் ஊரில் கரும்பு ஜூஸ் கடையில் எலுமிச்சை பிழிய வைத்திருப்பார்களே, அந்தத் தத்துவம்தான், கொஞ்சம் பெரிது. அதன் தலையில் ஒரு டை. சுட்டபோது உப்பிப் போன கூட்டை இந்த டைக்குள் ஏற்றினால் பழைய அளவுக்கு வரும். டையின் நடுவே ஒரு தண்டு தொங்கும், தண்டின் நுனியில் மெல்லிய ஊசி. கூடு மேலே ஏறும்போது ஊசி கூட்டின் வாய் வழியாக உள்ளே போய், அடியில் உள்ள துளையில் நுழைந்து, செத்த கேப்பை வெளியே தள்ளிவிடும். ஒரே இழுப்பில் இரண்டு வேலை. நல்ல யோசனை.

அந்த ஊசிதான் ஒடிந்திருந்தது. அன்று மட்டும் மூன்று. கையிருப்பு தீர்ந்தது. மறுநாள் கடை இல்லை. அதற்கு மறுநாள் கடை திறந்தாலும் சீசன் நேரத்தில் இந்தச் சில்லறைச் சாமான் கிடைக்குமா என்பது சந்தேகம்.

டூல் ரூம்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரஸ்ஸில் பஞ்ச் ஒடிந்தால் புதுப் பஞ்ச் போடுவதற்கு முன்னால் ஏன் ஒடிந்தது என்று பார்க்க வேண்டும். மோட்டார் ஸ்டாம்பிங் அடிக்கிற டையில் நான் எத்தனை பஞ்ச் பார்த்திருப்பேன்! புதிதாக வந்த பையன்கள் ஒடிந்த உடனே மாற்றி விடுவார்கள். பத்து நிமிஷத்தில் அதுவும் ஒடியும். பஞ்ச் ஒடிந்தால் பெரும்பாலும் குற்றம் பஞ்சில் இருக்காது.

ஊசி ஒடிய என்னென்ன காரணம் இருக்க முடியும் என்று இரண்டு பேரும் பேசினோம். தண்டைத் தேவைக்கு மேல் கீழே இறக்கி விட்டிருந்தால் கூட்டின் அடியிலேயே போய் முட்டும். தண்டு வளைந்திருந்தால் ஊசி துளைக்கு நேராக வராது. கூட்டைப் பாலிஷ் போடும் மரத்தூள் துளையில் அடைத்திருக்கலாம். பட்டாளத்துக் கூடாக இருந்தால் கேப்பைச் சுற்றி விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள், இறங்க மறுக்கும். எல்லாவற்றையும் பார்த்தோம். தண்டு நேராக இருந்தது. உயரம் சரி. முன்தினம் அதே டையில் நாற்பது கூடு போட்டிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை.

"கடைசியாக ஒடித்த கூடு எது?" என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். டார்ச்சை வாய்ப் பக்கம் பிடித்து உள்ளே பார்த்தேன். அடியில் நடுவில் துளையே இல்லை. நடு இடம் கெட்டிப் பித்தளை. அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு சின்னத் துளைகள்.

அவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக் கொண்டார். ஐம்பது வருஷ அனுபவக்காரர். அவசரத்தில், பழைய தகர டப்பா ஒன்றில் இருந்த கூடுகளையும் சேர்த்துக் கொட்டி விட்டிருக்கிறார்.

இந்த ஒரு துளை, இரண்டு துளை விஷயத்துக்குள் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. அங்கே இருந்த மிச்ச நாட்களில் அவர் சொல்லியும், பேரனின் கம்ப்யூட்டரில் படித்தும் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு நாம் சுருள் கேப்பு வெடித்திருக்கிறோம். துப்பாக்கி இல்லாவிட்டால் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் அடிப்போம். மருந்து இரண்டு கெட்டிப் பொருள்களுக்கு நடுவில் நசுங்கினால்தான் வெடிக்கும். மேலே சுத்தி, கீழே பட்டறைக்கல். தோட்டாவிலும் இதே கதைதான். துப்பாக்கியின் ஊசி சுத்தி. கீழே கல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இப்படி அடித்து வெடிக்க வைக்கும் யோசனையைத் துப்பாக்கிக்குக் கொண்டு வந்தவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்துக்காரர், அலெக்சாண்டர் ஃபோர்சைத். அவருக்கு வாத்து சுடுவதில் ஆசை. அந்தக் காலத்துத் துப்பாக்கி சிக்கிமுக்கிக் கல்லில் பொறி பறக்கும், பொறியைப் பார்த்ததும் குண்டு வருவதற்குள் பறவை பறந்துவிடும். அந்த எரிச்சலில் யோசித்து, 1807-இல் காப்புரிமை வாங்கினார். வாத்துகளால் வந்த வினை என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு மற்றவர்கள் அதைச் செம்புக் கேப்பாக மாற்றினார்கள்.

கேப்பு வந்த பிறகும் மருந்தும் குண்டும் தனித்தனியாகக் குழாய் வாய் வழியாகத்தான் போயின. இரண்டையும் ஒரு காகிதப் பொட்டலமாகச் சுற்றி, ஈரம் படாமலும் குண்டு வழுக்கி இறங்கவும் கொழுப்பு தடவியிருப்பார்கள். சிப்பாய் பொட்டலத்தின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும். இனி சொல்ல வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கம் டம்டம்மில் பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பேச்சுக் கிளம்பியது. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரலில் மீரட்டில் மூன்றாம் குதிரைப்படையைச் சேர்ந்த 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9-இல் எல்லோர் முன்னாலும் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது. நம் வேலூரில் அதற்கு 51 வருஷம் முன்பே, 1806 ஜூலை 10-இல், தலைப்பாகைச் சண்டையில் கோட்டை எரிந்ததை வடக்கே யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அது என் பழைய குறை, இங்கே வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. மீரட்டுக்கு ஒன்பதே வருஷம் கழித்து, 1866-இல், கடிக்கவே வேண்டாத தோட்டா வந்துவிட்டது. ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் யோசனைப்படி ஆங்கிலேயர் தங்கள் பழைய என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்பக்கத்தை வெட்டி, கதவு வைத்தார்கள். அதற்கென்று லண்டன் பக்கத்தில் வுல்விச்சில் இருந்த அரசாங்க ஆலையின் தலைவர் கர்னல் எட்வர்ட் பாக்ஸர் பித்தளைத் தகட்டில் சுருட்டிய தோட்டா ஒன்று செய்தார். மருந்து, குண்டு, கேப்பு மூன்றும் ஒரே கூட்டில். பொட்டலமும் இல்லை, கொழுப்பு தடவிய காகிதத்தைக் கடிக்கிற வேலையும் இல்லை. ஒன்பது வருஷம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றும். அந்தக் கோபத்துக்கு வேறு ஆயிரம் காரணம் இருந்தது, வேறொரு நெருப்புக் குச்சி கிடைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அதே 1866-இல் அமெரிக்காவில் ஹைரம் பெர்டன் என்பவரும் ஒரு கேப்புக்குக் காப்புரிமை வாங்கினார். உள்நாட்டுப் போரில் குறி பார்த்துச் சுடுகிற படைப்பிரிவை நடத்தியவர். இருவரும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னார்கள். பட்டறைக்கல் எங்கே?

பாக்ஸர், கல்லைக் கேப்புக்குள்ளேயே வைத்தார். ஒரு துண்டுத் தகடு, முக்காலி மாதிரி. கேப்போடு வரும், கேப்போடு போகும். அதனால் கூட்டின் அடியில் நடு இடம் காலி, அங்கே ஒரே ஒரு துளை போட்டுக் கொள்ளலாம்.

பெர்டன், கூட்டின் அடியையே நடுவில் கூம்பாக எழுப்பி அதைக் கல்லாக்கினார். கேப்பு வெறும் கிண்ணம், செலவு மிச்சம். ஆனால் நடு இடத்தைக் கல் பிடித்துக் கொண்டது. நெருப்பு மருந்துக்குப் போகப் பக்கத்தில் இரண்டு துளை போட வேண்டியதாயிற்று.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஆங்கிலேயரின் யோசனையை அமெரிக்கா எடுத்துக் கொண்டது. அமெரிக்கரின் யோசனையை ஐரோப்பாவும், பிற்பாடு ஆங்கிலேயர் பட்டாளமும் எடுத்துக் கொண்டன. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் பந்தல் மாறி உட்கார்ந்த மாதிரி. காரணம் யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. பட்டாளம் சுட்ட கூட்டைத் திரும்ப நிரப்பப் போவதில்லை, அதற்கு விலை குறைந்தால் போதும். அமெரிக்காவில் கதை வேறு. எருமை வேட்டைக்காரன் ஊர் எல்லையைத் தாண்டி மாதக் கணக்கில் திரிவான். கடை கிடையாது. கூட்டைப் பொறுக்கி, ஈயத்தை உருக்கி, அங்கேயே தோட்டா கட்டிக் கொள்வான். அவர்கள் பட்டாளமே 1880-களில் சிப்பாய்கள் குறி பார்த்துப் பழகுவதற்காகக் கூடுகளைத் திரும்ப நிரப்பச் சொல்லிக் கருவிகளைக் கொடுத்தது. நடுவில் ஒரு துளை இருந்தால் ஒரு ஊசியும் ஒரு தட்டும் போதும். பெர்டன் கூட்டில் அந்த ஊசி கல்லில்தான் முட்டும். பெரியவரின் மூன்று ஊசிக்கும் நேர்ந்தது அதுதான்.

காரணம் தெரிந்தாலும் ஊசி வேண்டுமே. நான் செய்து தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை கொஞ்சம்தான் இருந்தது.

தண்டின் நுனியில் இருந்த குமிழைத் திருகிக் கழற்றினால், ஒடிந்த ஊசியின் தலை மட்டும் உள்ளிருந்து விழுந்தது. ஊசிக்குக் குண்டூசி மாதிரி ஒரு சின்னத் தலை உண்டு. குமிழ் அதைப் பிடித்துக் கொள்கிறது. (வேறு சில கம்பெனி டைகளில் ஊசியும் தண்டும் ஒன்றாக இருக்கும். தண்டைக் கவ்வி மட்டும் பிடித்திருப்பதால், பாரம் கூடினால் ஒடியாமல் மேலே நழுவிவிடும். அதுதான் எனக்குப் பிடித்தது.) கூட்டின் துளை சுமார் இரண்டு மில்லிமீட்டர். ஊசி அதற்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். வெர்னியரில் அளந்து கொண்டேன்.

அவரிடம் நாம் சில்வர் ஸ்டீல் என்று சொல்கிற கம்பி இருந்தது. ஒரு துண்டை வெட்டித் துளை மெஷினில் மாட்டி, ஓடவிட்டு, பொடி அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்தேன். லேத்து இல்லாத பட்டறையில் அதுதான் லேத்து. தலையும் உடம்பும் சேருகிற இடத்தைக் கூர் மூலையாக விடக்கூடாது, கொஞ்சம் உருட்டி விட வேண்டும். விரிசல் மூலையில்தான் பிறக்கும். என் ஃபோர்மேன் இதைச் சொல்லிச் சொல்லி என் காதில் ஓட்டை போட்டிருந்தார்.

பிறகு நெருப்பு. செர்ரிப் பழச் சிவப்பு என்போம், அந்த நிறம் வரும்வரை சூடு காட்டி எண்ணெயில் போட்டேன். இப்போது ஊசி கண்ணாடி மாதிரி. கெட்டிதான், ஆனால் கீழே போட்டால் ஒடியும். அதை எமரி போட்டு வெளுக்கத் தேய்த்து, இரும்பு வாணலியில் மணலைச் சுட வைத்து மணல் மேல் படுக்க வைத்தேன். மெல்லிய ஊசிக்கு நேராக நெருப்புக் காட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் கெட்டுவிடும். வைக்கோல் நிறம் வந்தது, பழுப்பு வந்தது, கத்தரிப்பூ நிறம் வந்தது, நீலம் எட்டிப் பார்த்தது. எடுத்துவிட்டேன். கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். ஸ்பிரிங் மாதிரி வளைந்து கொடுக்க வேண்டிய சாமானுக்கு நீலம் வேண்டும். எழுபது வயதுக்கு மேல், கண்ணில் புரை எடுத்த பிறகு, அந்த நிறங்களை இன்னொரு முறை பார்த்தேன். கையில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் ஊசி தலை கோணிப் போனதால் தூர எறிந்தேன். இரண்டாவது நின்றது.

மாட்டி, ஒரு துளைக் கூட்டை ஏற்றினார். டக். செத்த கேப்பு கீழே டப்பாவில் விழுந்தது. அப்போது அவர் என் முதுகில் வைத்த அடியில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

இனி ஒரு கூடு விடாமல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் டைக்குள் விடுவது என்று, இரண்டு பேரும் டப்பாவைக் கொட்டிப் பிரிக்க ஆரம்பித்தோம். அவருடைய ரைபிளைப் பற்றியும் அப்போது சொன்னார். .303 லீ என்ஃபீல்டு, நான்காம் நம்பர். பிரிட்டிஷ் பட்டாளத்து ரைபிள், ஆனால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் சாவேஜ் கம்பெனி செய்து கொடுத்தது. அமெரிக்காவின் சொத்து என்று அதன் மேல் பொறித்திருக்கும். கடல் தாண்டிப் போய்ப் போர் முடிந்து உபரியாகத் திரும்பி வந்து, அவருடைய அப்பா சில டாலருக்கு வாங்கியது. அந்தக் காலத்தில் உபரித் தோட்டாவும் மலிவாகக் கிடைத்ததாம். தகர டப்பாவில் இருந்தவை அந்தக் கூடுகள்.

இரண்டு துளைக் கூடுகள் பதினொன்று தேறின. ஒன்றை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தேன். கே. எஃப். நடுவில் அம்புக்குறி.

கிர்க்கி ஃபேக்டரி. புனாவுக்குப் பக்கம், இப்போது கட்கி என்கிறார்கள். 1869-இல் தொடங்கிய தோட்டா ஆலை. நம் நாட்டுப் பித்தளை.

அவருக்குச் சொன்னேன். ஆச்சரியப்பட்டார். அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினார். பழைய .303 தோட்டா ஒன்றைப் பிரித்தபோது கிடைத்ததாம். இடியாப்பத்தை நறுக்கி உலர்த்திய மாதிரி குச்சி குச்சியாக இருந்தது. கார்டைட். அது வெடிமருந்து என்று சொன்னால்தான் தெரியும். இந்தக் குச்சிகளைக் கூட்டில் வைத்த பிறகுதான் கூட்டின் கழுத்தையே ஒடுக்குவார்களாம். கழுத்து ஒடுங்கிய பிறகு கட்டு உள்ளே போகாது. நம் நீலகிரியில் குன்னூருக்கு மேலே அருவங்காட்டில் கார்டைட் ஃபேக்டரி இருக்கிறதே, மலை ரயில் நின்று போகும், அந்தச் சாமான்தான் இது என்றேன். இந்தக் குப்பியில் இருப்பது அங்கே செய்ததா, இங்கிலாந்தில் செய்ததா என்று சொல்ல வழியில்லை.

பெர்டன் கேப்பையும் எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று ஒரு கூட்டில் செய்து காட்டினார். கூட்டில் தண்ணீரை நிரப்பி, வாய்க்குச் சரியாக ஒரு கம்பியைச் செருகி, ஓங்கி ஒரு தட்டு. தண்ணீர் அழுந்துமா? கேப்பு பட்டென்று கீழே தெறித்தது. என் சட்டை நனைந்தது. ஹைட்ராலிக் பிரஸ் என்று நாம் லட்சக் கணக்கில் கொட்டி வாங்குவதை மனிதர் ஒரு மரச்சுத்தியில் முடித்துவிட்டார். ஆனால் அந்தக் கூடுகளை நிரப்ப மாட்டேன் என்றார். பழைய கேப்பு மருந்தில் பாதரசம் இருக்கும். சுட்டவுடன் அது பித்தளைக்குள் ஊறிக் கூட்டை நொறுங்க வைத்துவிடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே சத்து இருக்காது. அதோடு அந்த மருந்தின் உப்பு குழாயில் ஒட்டி ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றும். அதனால் சுட்டவுடன் கொதிக்கிற தண்ணீரைக் குழாயில் ஊற்றிக் கழுவுவார்கள்.

கொதிக்கிற தண்ணீர் என்று அவர் சொன்னதும் எனக்கு அந்த நாள் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. நாங்களும் ஊற்றியிருக்கிறோம்.

"ஒன்றை நீ வைத்துக் கொள், உன் ஊர்ச் சாமான்" என்று ஒரு கூட்டை நீட்டினார். விமானத்தில் கொண்டு போக முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "என்னிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது."

எப்படி என்று கேட்டார். சொன்னேன். வீட்டம்மாவுக்குக்கூடச் சொல்லாததை, பாதி புரியும் இங்கிலீஷில், அந்த மனிதரிடம் சொன்னேன்.

1964. பி.யூ.சி. படிக்கிறேன். சீனப் போருக்குப் பிறகு கல்லூரிப் பையன்களுக்கு என்.சி.சி. கட்டாயம். எங்கள் கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடுகிற மைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள். குப்புறப் படுத்து ஆளுக்கு ஐந்து ரவுண்டு .303. தோளில் மாடு உதைத்த மாதிரி இருக்கும். சுட்டு முடித்ததும் ஐந்து காலிக் கூட்டையும் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ரவுண்டு எத்தனை போயிற்றோ அத்தனை கூடு திரும்ப வர வேண்டும். ஹவில்தார் கணக்கில் கறார். நான் எனக்குப் பக்கத்தில் தெறித்து விழுந்ததில் ஒன்றை எடுத்துக் காலுறைக்குள் விட்டுக் கொண்டேன். காலிக் கூட்டை உதட்டில் வைத்து ஊதினால் விசில் வரும். அதற்காகத்தான். வேறு ஒரு நோக்கமும் இல்லை.

ஆனால் என்னுடைய ஐந்தும் சரியாக இருந்தன. எடுத்தது என் பக்கத்தில் படுத்துச் சுட்ட பையனுடையது.

அவனுக்கு நாலுதான் இருந்தது. எல்லோரும் புல்லில் தேடினோம், நானும் தேடினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. நானும் முழங்காலிட்டுத் தேடினேன். மற்றவர்களைப் பூரி கிழங்கு கொடுத்து அனுப்பினார்கள். அவனை ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். நாங்கள் லாரியில் ஏறும்போது அவன் ஓடிக் கொண்டிருந்தான். அடுத்த மாத முகாமுக்கான பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்து விட்டார்கள். மெலிந்த பையன், பல்லடம் பக்கம் ஏதோ கிராமம், கல்லூரிக்குத் தினம் சைக்கிளில் வருவான். ஞாயிற்றுக்கிழமைப் பரேடுக்கு அவன் வந்ததே அந்தப் பூரிக்காகத்தான் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவன் கல்லூரிக்கு வரவில்லை. இதனாலா, வேறு காரணத்தாலா, எனக்குத் தெரியாது.

பெரியவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ அதை ஊதினாயா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். உண்மைதான். ஒரு நாளும் ஊதவில்லை.

அவர் திங்கள்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போனார். மான் கிடைக்கவில்லை. ஊசி ஒடியவில்லை, அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மான் கதையைச் சொன்னார். ஜனவரியில் நாங்கள் ஊர் திரும்பினோம்.

வந்த மறுநாள் பரணில் இருந்த என் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அப்ரெண்டிஸ் காலத்து மைக்ரோமீட்டர் டப்பாவுக்குள், துணியில் சுற்றி இருந்தது. பித்தளை கறுத்துப் போயிருந்தது. அடியில் கே. எஃப். வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் கெட்டி. இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் 1964-65-இல் கோயமுத்தூரில் பி.யூ.சி. படித்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பல்லடம் ரோட்டில் சைக்கிளில் வந்த அந்தப் பையனை உங்களில் யாருக்காவது நினைவிருந்தால், அவர் இருக்கும் இடம் தெரிந்தால், ஒரு வரி எழுதுங்கள். அந்த ஐந்தாவது கூடு என்னிடம் இருக்கிறது.